வேறு விதமாகச் சிந்திக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆட்டிசம் (பிறரோடு பழகுவதும் புலன்களால் உணர்வதும் வேறு விதமாக இருப்பது), ஏ.டி.எச்.டி (கவனத்தை நிறுத்துவதிலும் அடங்கி உட்காருவதிலும் சிக்கல்), டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிக்கல்) என்று ஏதோ ஒரு பெயரோடு ஒரு பிள்ளை உங்களிடம் படிக்க வரப்போகிறது. அல்லது பெயர் எதுவும் இல்லாமல், "நல்லாத்தான் பேசறான், எழுதச் சொன்னா மட்டும் ஓடிடறான்" என்ற ஒரு வரியோடு வருகிறது. சிறப்புப் பயிற்சி பெறாத ஆசிரியர், டியூஷன் எடுப்பவர், தன்னார்வலர், தன் பிள்ளைக்குத் தானே உட்கார்ந்து சொல்லித்தரும் அம்மா, அப்பா ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

எந்தப் பாடத்திலும் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, பிள்ளை கற்க வேண்டியது. இன்னொன்று, கற்றுவிட்டதைக் காட்டுவதற்கு நாம் வைத்திருக்கும் முறை: நோட்டில் எழுதுவது, சத்தமாக வாசிப்பது, மணியடிப்பதற்குள் முடிப்பது, அசையாமல் உட்காருவது. இந்தப் பிள்ளைகளில் பலர் இடறி நிற்பது இரண்டாவதில்தான். நாம் அதை முதலாவதில் உள்ள குறையாக எடுத்துக்கொண்டு, பாடத்தையே எளிதாக்கிக் கொடுத்துவிடுகிறோம். அது பெரிய அநியாயம். பாடத்தின் உயரத்தைக் குறைக்காமல், அங்கே போகும் வழியை மட்டும் மாற்றிக்கொடுக்கப் பழகுவதே நீங்கள் கற்க வேண்டிய முதல் வேலை.

பெயர்கள் எவ்வளவு தூரம் உதவும்

மூளை வேலை செய்யும் விதத்தில் மனிதர்களுக்குள் இயல்பாகவே பல வகை உண்டு, அவற்றில் சில வகைகளை நோயாக மட்டும் பார்க்கக் கூடாது என்ற கருத்து 1990களில் வலுப்பெற்றது. ஆட்டிசம் உள்ளவர்களே அதை முன்னெடுத்தார்கள். நியூரோடைவர்ஜென்ட் என்று இன்று சொல்லப்படும் குடைக்குள் ஆட்டிசம், ஏ.டி.எச்.டி, டிஸ்லெக்சியா, கணக்கில் சிக்கல் தரும் டிஸ்கால்குலியா, உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் சிக்கல் தரும் டிஸ்பிராக்சியா, தன்னையறியாமல் திடீர் அசைவுகளும் ஒலிகளும் வரும் டூரெட் எல்லாம் வருகின்றன. இது அரிதான விஷயமும் அல்ல. ஏ.டி.எச்.டி மட்டுமே உலகளவில் பிள்ளைகளில் சுமார் 5 சதவீதம் பேருக்கு இருக்கிறது.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, எந்த நிலைக்கு என்ன அடையாளங்கள் என்று வரையறுக்கும் டி.எஸ்.எம்.-5 கையேட்டில் நடந்த இரண்டு மாற்றங்கள் நமக்கு முக்கியம். ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உணர்வது, ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக அதில் சேர்க்கப்பட்டது. ஆகவே சத்தத்துக்குக் காதைப் பொத்துவதை வீண் பிடிவாதம் என்று சொல்ல இடமில்லை. அதுவரை ஒருவருக்கு ஆட்டிசமும் ஏ.டி.எச்.டியும் சேர்ந்திருப்பதாகக் குறிக்கக் கூடாது என்று இருந்த விதியும் போனது. உண்மையில் இவை அடிக்கடி சேர்ந்தே வருகின்றன. அதனால் ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு திட்டம் போடாதீர்கள். எங்கே கவனித்துப் பார்க்க வேண்டும் என்பதைப் பெயர் சொல்லும். நாளைக் காலை என்ன செய்வது என்பதை அந்தப் பிள்ளையிடம்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையைக் கழற்றி வைத்துவிடலாம். பிள்ளைகளைப் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிரித்து, அவரவர் பாணியில் சொல்லித்தந்தால் நன்றாகக் கற்பார்கள் என்று பல பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். 2008இல் உளவியல் ஆய்வாளர்கள் இதற்கான சான்றுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அப்படிப் பிரித்துச் சொல்லித்தருவதை நியாயப்படுத்தும் அளவுக்குச் சான்று கிடைக்கவில்லை. "இவன் பார்த்துத்தான் கற்பான்" என்று ஒரு முத்திரை குத்தினால், கேட்டுக் கற்கும் வாய்ப்பை அவனிடமிருந்து நாமே பறித்துவிடுகிறோம்.

அதற்காகச் சிந்திக்கும் விதத்தில் வேறுபாடே இல்லை என்றாகாது. ஆட்டிசம் உள்ள கால்நடை அறிவியல் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின், தன் எண்ணங்கள் படங்களாகவே வருகின்றன என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். மறுபக்கம், மனத்தில் எந்தப் படமும் தோன்றாதவர்களும் இருக்கிறார்கள். 2015இல் ஆய்வாளர்கள் அதற்கு அஃபான்டேசியா என்று பெயர் வைத்தார்கள். "கண்ணை மூடிக் கற்பனை செஞ்சு பாருங்க" என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் வார்த்தை முதலாமவருக்குப் பெரிய உதவி, இரண்டாமவருக்கு வெற்று ஒலி. இதுபோன்ற நுணுக்கமான வேறுபாடுகளைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் படி: இரண்டு வாரம் பார்த்து எழுதுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு நோட்டுப் போடுங்கள். பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்து, சிக்கல் வந்ததற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன் பிறகு என்ன ஆனது என்று எழுதுங்கள். கண்ணால் பார்த்தது மட்டும் போதும். "அடம் பிடித்தான்" என்று எழுதினால் அது உங்கள் தீர்ப்பு, அதிலிருந்து எதுவும் கிடைக்காது. "பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதச் சொன்னேன். இரண்டு சொல் எழுதினான். பென்சிலைக் கீழே போட்டுவிட்டு மேசைக்கடியில் போய் உட்கார்ந்தான்" என்று எழுதினால் அதில் வேலைக்கான துப்பு இருக்கிறது.

பலகையைப் பார்த்து எழுதுவது நமக்கு ஒரே வேலையாகத் தெரிகிறது. பிள்ளையின் பக்கத்திலிருந்து பாருங்கள். தலையைத் தூக்கி, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து, இரண்டு சொல்லை மனத்தில் ஏந்திக்கொண்டு, தலையைக் குனிந்து, நோட்டில் இடம் கண்டு, ஒவ்வொரு எழுத்தின் வடிவத்தையும் நினைவுகூர்ந்து, கையை அதற்கேற்ப அசைத்து, மறுபடி தலையைத் தூக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுகிறது என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். அதே வரிகளை ஒரு தாளில் எழுதி மேசையிலேயே வைத்துப் பாருங்கள். இப்போது எழுதிவிட்டால், சிக்கல் தூரத்திலும் நினைவிலும் இருந்தது. அப்போதும் முடியவில்லை என்றால் வாயால் சொல்லச் சொல்லிப் பாருங்கள். தடையின்றிச் சொன்னால் சிக்கல் கையில் இருக்கிறது. இப்படி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது.

பார்வையும் செவியும் பரிசோதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். வீட்டில் எதைச் செய்யும்போது மணிக்கணக்கில் மூழ்கிப்போகிறது, எது நடந்தால் அன்றைய நாளே கெட்டுப்போகிறது என்பதையும் கேளுங்கள். பிள்ளையிடமும் கேட்க வேண்டும். "ஏன் எழுதலே?" என்று கேட்டால் பதில் வராது. "எழுதும்போது எது ரொம்பக் கஷ்டம்? கை வலிக்குதா, எழுத்து மறந்துபோகுதா, எங்கே ஆரம்பிக்கிறதுன்னு தெரியலையா?" என்று தெரிவு கொடுத்துக் கேட்டால் பெரும்பாலும் சரியாகச் சுட்டிக்காட்டும்.

இரண்டாம் படி: அறை

அதிகச் செலவில்லாமல் பலன் தரும் படி இது. விளக்கின் மினுக்கல், நாற்காலி இழுபடும் சத்தம், கதவருகே நடமாட்டம், சுவர் முழுக்க ஒட்டிய வண்ணப் படங்கள் இவற்றையெல்லாம் வடிகட்டித் தள்ள முடியாத மூளைக்குப் பாடம் கேட்பதற்கு மிச்சம் அதிகம் இருக்காது. சுவர் ஓரமாக, நடமாட்டம் இல்லாத இடத்தில் உட்காரவையுங்கள். தனியாக எழுதும் நேரத்தில் சத்தம் குறைக்கும் ஹெட்போன் போட்டுக்கொள்ளட்டும். சில பிள்ளைகளுக்கு நேர்மாறாக அசைவு வேண்டும். அவர்கள் நின்றுகொண்டு எழுதலாம், புத்தகக் கட்டைத் தூக்கிச் சென்று கொடுத்துவிட்டு வரலாம்.

கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது போன்றவற்றை நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை தன்னை நிலைப்படுத்திக்கொள்ளும் வழி அது. தன்னையோ பிறரையோ காயப்படுத்தினால் மட்டும் மாற்று வழி தேட வேண்டும். "என் கண்ணைப் பார்த்துப் பேசு" என்பதையும் விட்டுவிடுங்கள். முகத்தைப் பார்ப்பதற்கே முழுக் கவனத்தையும் செலவிட்டுவிட்டு, நீங்கள் சொன்னதைத் தவறவிடும் பிள்ளைகள் உண்டு.

மூன்றாம் படி: சொல்லும் விதம்

"எல்லாரும் நோட்டை எடுத்துத் தேதி போட்டுட்டு, 42ஆம் பக்கத்துல மூணாவது கணக்கைப் போடுங்க, முடிச்சவங்க அடுத்த பாடத்தைப் படிச்சுக்கிட்டிருங்க, நேத்து வீட்டுப்பாடம் குடுக்காதவங்க மேசையில வைங்க." ஒரு மூச்சில் சொல்லிவிட்ட இந்த வாக்கியத்தில் ஐந்து வேலைகள் இருக்கின்றன. கேட்டதை மனத்தில் ஏந்திக்கொண்டே செயல்படும் திறன் ஏ.டி.எச்.டி உள்ள பல பிள்ளைகளுக்குக் குறைவு. கடைசியாகக் காதில் விழுந்ததை மட்டும் பிடித்துக்கொண்டு, வீட்டுப்பாட நோட்டோடு எழுந்து வந்து நிற்கும் பிள்ளை கவனிக்காமல் இல்லை; ஐந்தில் ஒன்று நின்றது, நான்கு நழுவிவிட்டன.

ஒன்று சொல்லுங்கள், முடிந்ததும் அடுத்தது சொல்லுங்கள். அல்லது எல்லாவற்றையும் பலகையில் எண் போட்டு எழுதி, முடிந்ததை அடித்துக்கொண்டே வாருங்கள். கேள்வி கேட்டால் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். பேச்சைப் புரிந்துகொள்ளக் கூடுதல் நேரம் தேவைப்படும் பிள்ளைக்கு இன்னும் அதிகம் காத்திருங்கள். அந்த இடைவெளியில் கேள்வியை வேறு வார்த்தையில் திருப்பிக் கேட்டால், அந்தப் பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

சொல்ல வந்ததை நேராகச் சொல்லுங்கள். "பலகையைத் துடைக்க முடியுமா?" என்று கேட்டதும் "முடியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை, கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறது. "பலகையைத் துடை" என்றால் துடைக்கும். "ரெண்டு நிமிஷம் இரு" என்று சொல்லிவிட்டு இருபது நிமிடம் கழித்து வந்தால், உங்கள் வார்த்தையை நம்ப முடியாது என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

நான்காம் படி: நான்கு கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில்

எரிக் ஷாப்ளர் 1972இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டீச் என்ற திட்டம் ஆட்டிசம் உள்ளவர்களுக்கான கற்பித்தலை மாற்றியமைத்தது. அதிலிருந்து நான் யாருக்கும் முதலில் சொல்லும் பகுதி இதுதான். ஒரு வேலையைக் கொடுக்கும்போது, யாரிடமும் கேட்காமலேயே நான்கு விஷயங்கள் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிய வேண்டும்: என்ன வேலை, எவ்வளவு, எப்போது முடிந்ததாகும், அதன் பிறகு என்ன.

செய்து பாருங்கள். மேசையின் இடது பக்கம் ஒரு தட்டில் மூன்று தாள்கள், ஒவ்வொன்றிலும் நான்கே கணக்குகள். வலது பக்கம் காலித் தட்டு. முடித்த தாளை வலது தட்டில் போட வேண்டும். இடது தட்டு காலியானால் வேலை முடிந்தது. வலது தட்டின் அருகே ஒரு சிறு அட்டையில் அடுத்து வரப்போவது படமாக வரைந்திருக்கிறது: பந்து, அல்லது பிடித்த புத்தகம். "இன்னும் எவ்வளவு இருக்கு?" என்ற கேள்விக்கே இடமில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கென வந்த இந்த ஏற்பாடு, ஒரு பக்கம் நிறையக் கணக்கைப் பார்த்ததும் உறைந்துபோகும் ஏ.டி.எச்.டி பிள்ளைக்கும் அப்படியே உதவும்.

நாள் முழுவதற்கும் ஒரு பட அட்டவணை வையுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்து போதும். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மிச்ச நேரம் குறைவது கண்ணுக்குத் தெரியும் டைமர் கிடைத்தால் இன்னும் நல்லது. வழக்கம் மாறப்போகிறது என்றால் அதையும் அட்டவணையிலேயே காட்டுங்கள். தொடங்கவே முடியாமல் தவிக்கும் பிள்ளைக்கு அறிவுரை வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து முதல் வரியைச் சேர்ந்து செய்யுங்கள், பிறகு உங்கள் வேலையைப் பார்த்தபடி அங்கேயே இருங்கள்.

ஐந்தாம் படி: வாசிப்பு, எழுத்து, கணக்கு

டிஸ்லெக்சியாவின் வேர் பெரும்பாலும் சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரித்துணர்ந்து எழுத்தோடு பொருத்துவதில் இருக்கிறது. அறிவுத்திறனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. தமிழ் எழுத்து இங்கே தனக்கே உரிய சில சவால்களை வைக்கிறது. 'கெ' என்று எழுதும்போது வாயில் க் முதலில், எ பிறகு. ஆனால் கண்ணுக்கு ஒற்றைக்கொம்பு முதலில் வருகிறது, க பின்னால் வருகிறது. 'கொ'வில் ஓர் உயிரொலி கொம்பும் காலுமாக உடைந்து, மெய்யின் இரண்டு பக்கமும் நிற்கிறது. 'பல்', 'அம்பு' இரண்டிலும் ஒரே ப, ஒலி வேறு. ன-ண-ந, ல-ள-ழ, ர-ற எல்லாம் பல பிள்ளைகளின் காதுக்கு ஒன்றாகவே விழுகின்றன. 'கொடி' என்பதைக் 'காடி' என்று எழுதிய பிள்ளை காலைப் போட்டது, கொம்பை விட்டுவிட்டது. பாதி சரியாகச் செய்திருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு விடுபட்டதைக் காட்டுங்கள்.

முதலில் எழுத்தே இல்லாமல், வாயால் மட்டும் சொற்களைப் பிரித்தும் சேர்த்தும் விளையாடுங்கள்: 'மரம்' என்பதில் முதல் ஒலியை எடுத்தால் என்ன மிச்சம்? பிறகு குறிகளை ஒவ்வொரு குடும்பமாக எடுங்கள். 'ஆ' ஒலிக்கான கால் எல்லா மெய்யோடும் சரளமாக வந்தபின் அடுத்த குறி. 247 எழுத்துகளையும் அட்டவணையாக ஒப்பிக்கத் தெரிந்தும் ஒரு சொல்லை வாசிக்க முடியாத பிள்ளைகள் உண்டு. ஒப்பித்தல் வாசிப்பு ஆகாது. குழப்பும் எழுத்துகளை ஒரே நாளில் ஒப்பிட்டுச் சொல்லித்தராதீர்கள். ன நன்றாக நிலைத்தபின் வாரங்கள் கழித்து ண வரட்டும். விரலால் பெரிதாக வரைந்துகொண்டே ஒலியைச் சொல்லட்டும். வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் பதினைந்து நிமிடம் மேல்.

டிஸ்லெக்சியாவுக்கென்று விற்கும் தனி எழுத்துருக்களும் வண்ணக் கண்ணாடித் தாள்களும் பெரிய பலன் தருவதாக நல்ல சான்றில்லை. எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டுவதற்குச் சான்று இருக்கிறது. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், டிஸ்லெக்சியா உள்ள இத்தாலிய, பிரெஞ்சுப் பிள்ளைகள் கூடுதல் இடைவெளி விட்ட பக்கங்களை விரைவாகவும் பிழை குறைவாகவும் வாசித்தார்கள். கணினியில் அச்செடுக்கும்போது இதை யாரும் செய்யலாம்.

வாசிப்பு கைகூடும் வரை அறிவியலும் வரலாறும் காத்திருக்கக் கூடாது. அந்தப் பாடங்களை வாசித்துக் காட்டுங்கள், ஒலிப்பதிவு கொடுங்கள், பதிலை வாயால் வாங்குங்கள். அறிவியல் விடையில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைத்தால் நீங்கள் அளப்பது அறிவியலை அல்ல. முன்னறிவிப்பில்லாமல் எல்லோர் முன்பும் சத்தமாக வாசிக்கச் சொல்வதை அறவே நிறுத்திவிடுங்கள். அந்த ஒரு அவமானம் பல வருடங்களுக்குப் பிள்ளையைப் புத்தகத்திலிருந்து துரத்திவிடும்.

கணக்கில் பொருளைத் தொட்டுச் செய்வது, படமாக வரைவது, பிறகு எண்ணும் குறியும் என்ற வரிசையை விடாதீர்கள். வயது ஏறிவிட்டது என்பதற்காகப் பொருள்களைப் பிடுங்க வேண்டாம். கட்டம் போட்ட தாள் கொடுத்தால் இலக்கங்கள் நேராக நிற்கும். வாய்ப்பாட்டு அட்டை கையருகே இருக்கட்டும். வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதும் பிள்ளையை உடனே சந்தேகப்படாதீர்கள். எப்படி வந்தது என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். பாடநூலில் இல்லாத ஒரு வழி கேட்கக் கிடைக்கும்.

கொந்தளிப்பு வரும்போது

வேண்டியதைப் பெறப் போடும் அடம் அது கிடைத்ததும் நிற்கும். தாங்கும் எல்லை கடந்த கொந்தளிப்பு எதைக் கொடுத்தாலும் நிற்காது, தானாகத்தான் வடிய வேண்டும். சில பிள்ளைகள் கத்தாமல், பேச்சே நின்று உறைந்துபோவார்கள். அதுவும் இதேதான். அந்த நேரத்தில் பேச்சைக் குறையுங்கள், மற்றவர்களை விலக்குங்கள், விளக்கைத் தணியுங்கள், காயம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கேட்காமல் தொடாதீர்கள். கேள்வி, நியாயம், தண்டனை எதுவும் அப்போது உள்ளே போகாது. முழுதாக ஓய்ந்தபின், சில சமயம் மறுநாள், நோட்டை எடுத்து "சற்று முன் என்ன நடந்தது" என்ற பத்தியைப் பாருங்கள்.

வகுப்பில் அமைதியாக இருந்துவிட்டு வீட்டுக்குப் போனதும் உடையும் பிள்ளைகளும் உண்டு, குறிப்பாகப் பெண் பிள்ளைகள். நாள் முழுக்கத் தன்னை மறைத்துக்கொண்டதன் களைப்பு அது. "எங்ககிட்ட நல்லாத்தான் இருக்கா" என்று பெற்றோரைத் திருப்பி அனுப்பாதீர்கள். அவர்கள் சொல்வதை நம்புங்கள்.

ஒரு விஷயத்திலேயே தீராத ஆர்வம் கொண்ட பிள்ளையிடமிருந்து அந்த ஆர்வத்தைத் தண்டனையாகப் பறிப்பது மிகக் கொடிது. ரயில் என்றால் ரயில். தூரமும் நேரமும் வரைபடமும் கட்டுரையும் அதிலிருந்தே தொடங்கலாம்.

மற்ற பிள்ளைகளும் பெற்றோரும்

"அவனுக்கு மட்டும் ஏன்?" என்று கேட்பார்கள். "எல்லாருக்கும் அவங்கவங்களுக்குத் தேவையானது கிடைக்கும், உனக்கு என்ன வேணும்னு சொல்லு" என்று பதில் சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். பட்டியல், டைமர், வாய்மொழிப் பதில் எல்லாவற்றையும் வகுப்பு முழுக்கத் திறந்துவைத்தால் ஒருவர் மட்டும் தனித்துத் தெரிய மாட்டார். பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை மற்றவர்களிடம் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. நட்பில் உரசல் வந்தால் ஒரு பக்கத்தை மட்டும் திருத்தப் பார்க்காதீர்கள். ஆட்டிசம் உள்ளவரும் இல்லாதவரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தடுமாறுவது இருபக்கச் சிக்கல் என்று, தானும் ஆட்டிசம் உள்ள ஆய்வாளரான டேமியன் மில்டன் 2012இல் எழுதினார். மற்ற பிள்ளைகளும் கொஞ்சம் கற்க வேண்டியிருக்கிறது.

பேச்சு வராவிட்டால், கற்ற திறன் திடீரென மறையத் தொடங்கினால், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டால், தூக்கமும் சாப்பாடும் குலைந்தால், குழந்தைநல மருத்துவரையும், பேச்சுக்குப் பயிற்சி தரும் தெரபிஸ்டையும், அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பட அட்டையோ பேசும் கருவியோ கொடுத்தால் பேச்சு வராமலே போய்விடும் என்ற பயம் தேவையில்லை; அவை பேச்சைத் தடுப்பதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆட்டிசத்தை முழுதாகக் குணப்படுத்துகிறேன் என்று சொல்பவர்களிடமிருந்து பெற்றோரைக் காப்பாற்றுங்கள். வெளுப்பான் கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுக்கும் கொடுமைவரை அந்தச் சந்தை போயிருக்கிறது. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பீதியைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. தங்கள் மேல் பழி போட்டுக்கொண்டிருக்கும் பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆண்டு முடியும்போது ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். பிள்ளைக்கு எது நன்றாக வரும், எது பிடிக்கும், எந்தச் சத்தம் ஆகாது, எப்படிச் சொன்னால் புரியும், கொந்தளிப்பு வரப்போவதை எதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம், அப்போது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது. அதைப் பிள்ளையிடம் வாசித்துக் காட்டி, தவறாக இருப்பதைத் திருத்தச் சொல்லுங்கள். பெற்றோரின் சம்மதத்தோடு அடுத்த ஆசிரியரிடம் கையில் கொடுத்து, பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.